சொல்லிக்கொண்டு வராத அம்மா

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பேசுகிறவன் யார் என்று தெரியாமல் போய்விடும்.

மலையாளத்து எல்லையில் இருக்கும் சித்தூருக்குக் கிழக்கே, பனைமரங்களுக்கு நடுவில் நாலு தகரத்தை நிறுத்தி, இரவல் வாங்கிய ஒரு வெல்டிங் மிஷினோடு பட்டறை போட்டவன் நான். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி. பால் குளிர வைக்கும் நிலையம் ஒன்றுக்கு முதன்முதலாகக் குழாய்க் கட்டு செய்து கொடுத்தபோது, கோயமுத்தூரில் படித்துவிட்டு வந்த இன்ஜினியர் ஒருவர், “இந்த ஆளுக்கு வரைபடத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் ஒன்றுதான், நேராகக் கொடுத்தாலும் ஒன்றுதான்” என்று சிரித்தார். வாஸ்தவம். தலைகீழாகக் கொடுத்தாலும் எனக்கு விளங்கும். அவர் செய்த பெட்டி இரண்டு கோடை தாங்கவில்லை, நான் செய்தது இன்னும் ஓடுகிறது. சாராய ஆலை ஒன்றில் ஆவியைக் குளிர வைக்கும் கண்டன்சரை, உள்ளே ஆள் நுழைய இடமில்லை என்று எல்லோரும் கைவிட்டதை, நான் படுத்துக்கொண்டே நுழைந்து குழாய் மாற்றினேன். உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்கு எத்தனை சூட்டுக் குழாய் அனுப்பினேன் என்ற கணக்கு எனக்கே மறந்துவிட்டது. மறையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு ஹீட்டர் கொண்டு போனபோது, மலைப்பாதை வளைவில் லாரி திரும்பாது என்றார்கள். ஹீட்டரை மூன்று துண்டாக அறுத்து, உடுமலை வழியாகச் சின்னார் செக்போஸ்ட் தாண்டி ஏற்றி, மேலே கொண்டுபோய் ஒட்டினேன். லாரி திரும்பியது. நானும் திரும்பி வந்தேன், பேரோடு.

அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, “நீங்க பாத்தது பாத்ததுல சேராது அண்ணாச்சி” என்று சொன்ன ஆள் ஒருவர்தான் உண்டு. அந்தத் தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில் வேலை பார்த்த அம்மா. இது அவரைப் பற்றியது.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்றின் சூட்டை வாங்கி இன்னொன்றுக்குக் கொடுக்கிற பெட்டிதான் நாங்கள் செய்வது. இரண்டும் அடுத்தடுத்து ஓடும். நடுவில் இரும்புச் சுவர். சூடு தாண்டலாம், சரக்கு தாண்டக் கூடாது. சம்பந்தி வீடுகள் மாதிரி. போக்குவரத்து உண்டு, ஒரே அடுப்பு கிடையாது. தேயிலைத் தொழிற்சாலையில் கீழே விறகு எரியும். புகை, வரிசையாக நிற்கும் இரும்புக் குழாய்களுக்குள் ஏறிச் சிம்னி வழியாக வெளியே போகும். குழாய்களைச் சுற்றியிருக்கும் நல்ல காற்று சூடாகும். அதைப் பெரிய ஃபேன் ஒன்று இழுத்து, தேயிலை காய்கிற டிரையருக்குத் தள்ளும். குழாயில் ஒரு மயிரிழை விரிசல் போதும். புகை நல்ல காற்றில் கலந்து, தேயிலையில் ஏறி, வாங்குகிறவர் ஒரு வாய் ருசி பார்த்துத் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போய்விடுவார். பெரிய ஓட்டை நல்லது. கண்ணுக்குத் தெரியும், அன்றைக்கே அடைத்துவிடலாம். சின்னதுதான் ஆளைக் கொல்லும்.

ஹீட்டரை ஓட்ட ஆரம்பித்த நாளில்தான் அந்த அம்மாவை முதலில் பார்த்தேன். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, வாயில் வெற்றிலை. என் வயதுதான் இருக்கும். ஹீட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, தேங்காய் உடைத்தாயிற்று. தொழிற்சாலைப் பொறுப்பில் இருப்பவரை அங்கே டீ மேக்கர் என்பார்கள். அவர் தொடுபுழைப் பக்கத்து மலையாளி. எஸ்டேட்காரர்களோடு பேசிப் பேசியே தமிழ் படித்தவர். வாசம் பிடிப்பதில் அந்த அம்மாவுக்குப் பேர் உண்டாம். எல்லார் முன்னிலையிலும் கூப்பிட்டார்.

“இங்க வா அம்மா. காத்து மணத்து நோக்கு. புகை உண்டான்னு சொல்லு.”

“இன்னைக்கு வேண்டாம் சார்.”

“அதென்ன, இன்னைக்கு என்ன?”

“இன்னைக்கு ஹீட்டருக்கு மாலை போட்டுருக்கு. மாலையும் கழுத்துமா நிக்குத மாப்பிள்ளையப் பாத்துக் குடிகாரன்னு எவன் சொல்லுவான்?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. “ஏனுங்கம்மா, எம்பட ஹீட்டரு குடிகாரனுங்களா?” என்றேன்.

“குடிக்குதா இல்லையான்னு பொறவு சொல்லுதேன் அண்ணாச்சி. மாலை வாடட்டும்.”

அதுதான் அந்த அம்மா. காட்டுவதற்காக நிறுத்தி வைத்த எதையும் பார்க்க மாட்டார். பார்த்தாலும் கணக்கில் சேர்க்க மாட்டார்.

அவர் சோதிக்கிற முறை இதுதான். பழைய வெள்ளை வேட்டியில் கை அகலத்துக்குக் கிழித்த துணி, சோப்புப் போடாமல் வெறும் வெந்நீரில் அலசியது, எப்போதும் ஒரு மூடி போட்ட டப்பாவில் இருக்கும். நினைத்த நேரத்தில் சலிப்பறையிலிருந்து எழுந்து வருவார். இன்ன நேரம் என்று கிடையாது. துணியை நனைத்துப் பிழிந்து, டிரையருக்குச் சூட்டுக் காற்று நுழைகிற வாயில் கம்பியில் தொங்கவிடுவார். ஒரு வெற்றிலை மென்று முடிக்கிற நேரம். எடுத்து டப்பாவில் போட்டு மூடி, தொழிற்சாலைக்கு வெளியே, விறகுக் கொட்டகையையும் தாண்டிப்போய், வாய் கொப்புளித்துவிட்டு நின்று திறந்து மோந்து பார்ப்பார். உள்ளேயே மோந்து பார்த்தால் என்ன என்று கேட்டேன்.

“உள்ள எல்லாமே தேயில வாசம். மூக்கு மரத்துப் போயிரும். மீன்காரி வீட்டுல கருவாட்டு வாசம் தெரியுமா?”

“அப்ப உங்களுக்கு மூக்கு கொஞ்சம் விசேஷமுங்க.”

“விசேஷமும் இல்ல ஒண்ணும் இல்ல. எல்லா மூக்கும் ஒண்ணுதான். எப்ப மோந்து பாக்கோம்கிறதுதான். கூப்பிட்டு மோந்து பாக்கச் சொன்னா மூக்கு மரியாத பாக்கும்.”

மாலை வாடிப் பத்து நாள் கழித்து, நான் வேறொரு வேலையாக அங்கே போயிருந்தபோது, போகிற போக்கில், “குடிக்கல” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை.

வீட்டு விஷயத்திலும் அவர் இப்படித்தான். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது, பெண் பார்க்க அவர்கள் வந்த நாளில் இவர் வாயே திறக்கவில்லையாம். இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மூணாறு பஸ் ஏறிப் போய், மாப்பிள்ளை வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். பையன் லுங்கியோடு உட்கார்ந்து, தான் தின்ற தட்டைத் தானே கழுவிக்கொண்டிருந்தான். “தண்ணி குடிக்க வந்தேன்” என்று ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, “தேதி குறிங்க” என்றாராம். இதைச் சலிப்பறையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

நான் சித்தூரில் புது வீடு கட்டிக் குடிபோனபோது அவருக்கும் பத்திரிகை வைத்தேன். விசேஷத்தன்று வரவில்லை. மறுநாள் பத்து மணிக்கு, பந்தல் பிரித்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்றார். என் மனைவி நைட்டியோடு பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். பழைய சோறும் நேற்றைய குழம்பும்தான் இருந்தது. உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார்.

“நேத்து வந்திருந்தீங்கன்னா பதினாறு பதார்த்தமுங்க” என்றாள் என் மனைவி.

“அது சமையக்காரன் வச்சது. இதுல்லா உங்க வீட்டுச் சோறு.”

அவர் போனபிறகு என் மனைவி, “ஏனுங்க, இந்தம்மா மொய் வெக்க வந்துச்சுங்களா, வேவு பாக்க வந்துச்சுங்களா?” என்று கேட்டாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அவர் எதிரே உட்கார்ந்தால், சட்டைப் பொத்தான் சரியாகப் போட்டிருக்கிறோமா என்று கை தானாகப் போகும். அதுவே அவருக்குப் பிடிக்காது.

இனி, நடந்ததைச் சொல்கிறேன்.

ஹீட்டர் போட்டு மூன்று வருஷம் முடிந்த மழைக்காலம். அந்தத் தொழிற்சாலைத் தேயிலையில் புகை வாசம் என்று வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். ஒரு முறை, இரண்டு முறை, மூன்றாம் முறை மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஹீட்டர் அடுப்புக்கு விறகு போடுகிற ஃபயர்மேன் முருகையா மேல் பழி விழுந்தது. ஈர விறகைப் போட்டுப் புகைய விட்டான் என்று சொல்லி, வெள்ளிக்கிழமை விசாரணை வைத்திருந்தார்கள். விசாரணை என்றால் சும்மா பேச்சுக்கு. வேலை போய்விடும். வேலை போனால் தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். முருகையாவின் அப்பா பிறந்ததும் அந்த லயத்தில்தான். கீழே எங்கேயும் அவர்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. பெரிய பெண் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள்.

ஹீட்டரில் பழுது இல்லை என்று எழுதிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை போனேன். அடுப்பை அணைத்து, ஒரு நாள் முழுக்க ஆறவிட்டு, செவ்வாய்க்கிழமை உள்ளே இறங்கினேன். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் விளக்கை விட்டு வெளியிலிருந்து வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தேன். இல்லை. குழாய்களின் வாயை அடைத்துக் காற்றை ஏற்றி, கழுத்துக் கழுத்தாகச் சோப்பு நுரை தடவினேன். ஒரு குமிழி வரவில்லை. என் வேலை அப்படி. ‘கசிவு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தாளை டீ மேக்கர் வாங்கி வைத்துக்கொண்டார். நான் கை கழுவப் போனேன். குழாயடியில் அந்த அம்மா நின்றிருந்தார்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளுங்கம்மா.”

“ஈர வெறகோ காஞ்ச வெறகோ, பொக போற வழி சிம்னிதான? தேயிலைக்குள்ள அது எப்படி வந்துச்சு?”

குழாயைத் திறந்து கையைத் தேய்த்தேன். இந்தக் கேள்வி எனக்குத் திங்கட்கிழமையே தெரியும். ஈர விறகு கூடுதலாகப் புகையும், அவ்வளவுதான். சுவரைத் தாண்ட அதற்கு ஓட்டை வேண்டும். ஓட்டை இருந்தால் அது என் ஹீட்டரில் இருக்க வேண்டும். அதனால் அந்தக் கேள்வியை நான் என்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை.

“பாத்தாச்சுங்கம்மா. வெளக்கு விட்டுப் பாத்தாச்சு, நொரை போட்டுப் பாத்தாச்சு.”

“தூங்க வச்சுல்லா பாத்தீக. தூங்குதவன் பொய் சொல்லுவானா? நீங்க பாத்தது பாத்ததுல சேராது அண்ணாச்சி. ஓடும்போது பாருங்க.”

சரி என்று புதன்கிழமை காலையில் ஹீட்டரை ஓட்டச் சொன்னேன். டீ மேக்கர், எஸ்டேட் ஆபீசிலிருந்து வந்த ஒருவர், நான், மூன்று பேரும் அடுப்புப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். முருகையா பயத்தோடு விறகு போட்டார். அந்த அம்மா துணியைத் தொங்கவிட்டு, எடுத்து, வெளியே போய் மோந்து பார்த்து, எங்களுக்கும் கொடுத்தார். வெந்நீர் வாசம்தான். மறுபடி ஒரு முறை. அதே வாசம்.

“எந்தா சேட்டா, ஹீட்டர் ஓகேதானே?” என்றார் டீ மேக்கர்.

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். பெருமையாகத்தான் பார்த்தேன். “இப்ப முழிச்சிட்டுத்தானுங்கம்மா இருக்குது?” என்று கேட்டேன்.

அவர் துணியை மடித்து டப்பாவில் வைத்தபடி, “மூணு பேரு நாக்காலி போட்டு ஒக்காந்திருக்கீகள்லா” என்றார். அவ்வளவுதான்.

இதைக் கேட்டு எரிச்சலோடு ஜீப்பில் ஏறினேன். சின்னார் இறக்கம் தொடங்குவதற்குள் அந்த வார்த்தை எனக்கு உறுத்த ஆரம்பித்துவிட்டது. நாங்கள் உட்கார்ந்திருப்பதற்கும் ஹீட்டருக்கும் என்ன சம்பந்தம்? இரும்புக்கு மரியாதை தெரியுமா? தெரியாது. ஆளுக்குத் தெரியும். ஜீப்பைத் திருப்பினேன். ஆனால் ஜீப்போடு போகவில்லை. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, தேயிலைச் செடிகளுக்கு இடையில் நடந்து, கொழுந்து இறக்குகிற வாசல் வழியாகச் சலிப்பறைக்குள் போனேன். அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு, ஆச்சரியப்படாமல், சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு இடத்தைக் காட்டினார். அங்கிருந்து அடுப்பு தெரிந்தது. என் உயரத்துக்கும் தொந்திக்கும் அந்த இடம் போதவில்லை. சாக்கு நடுங்குவதைப் பார்த்து இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து முருகையா வந்தார். சுற்றிப் பார்த்தார். நாற்காலிகள் காலியாக இருந்தன. சிம்னிக்குப் போகிற புகைவழியில் ஒரு இரும்புத் தட்டு உண்டு. சங்கிலியை இழுத்தால் திறக்கும், விட்டால் மூடும். முருகையா சங்கிலியை விட்டார். தட்டு பாதிக்கு இறங்கியது. பிறகு நிம்மதியாக உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்.

அந்த அம்மா எழுந்துபோய்த் துணியைத் தொங்கவிட்டார். வெற்றிலை மென்றார். எடுத்தார். விறகுக் கொட்டகைக்கு அப்பால் போய் என்னிடமே முதலில் நீட்டினார். டப்பாவைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மழையில் நனைந்த அடுப்பின் வாசம்.

முருகையாவைக் கூப்பிட்டு அவர்தான் கேட்டார். “ஏ முருகையா, அந்தத் தட்ட ஏன் பாதி மூடுன?”

“பாதிதான எப்பவும் வைப்போம். வெறகு மிச்சம் பிடிக்கணும்னு டீ மேக்கர்தான சொல்லியிருக்காரு.”

“காலையில தொறந்திருந்துச்சே?”

முருகையா என்னைப் பார்த்து நெளிந்தார். “காலையில நீங்கல்லாம் இருந்தீக. தொரமாரு வந்தா முழுசாத் தொறந்து வச்சிருவேன். பாதி வச்சா அடுப்பு வாயில பொக தள்ளும்லா, அவுகளுக்குக் கண்ணு எரியும். எங்கப்பா காலத்துலருந்து அப்படித்தான்.”

விஷயம் இதுதான். தட்டு முழுக்கத் திறந்திருந்தால் சிம்னி புகையை இழுத்துக்கொண்டு போய்விடும். விரிசல் இருந்தாலும் அதன் வழியாகப் புகை வெளியே வராது. பாதி மூடினால் புகை குழாய்க்குள் தேங்கும். மறுபக்கம் ஃபேன் உறிஞ்சும். விரிசல் வழியாகக் கசியும். பெரிய மனிதர்கள் யார் வந்து பார்த்தாலும் ஹீட்டர் சுத்தம். அவர்கள் போனபிறகு புகை. முருகையா காட்டிய மரியாதைதான் முருகையாவின் வீட்டைப் பிடுங்க இருந்தது.

டீ மேக்கரிடம் போய்ச் சொன்னோம். துணியை மோந்து பார்த்தார். மெதுவாக மூடினார்.

“எனக்கும் தெரியுது சேட்டா. பக்ஷே நாளைக்கழிச்சு விசாரணையில துணியக் காட்டினா, ஒருத்தன் புகைன்னு சொல்லும், ஒருத்தன் இல்லன்னு சொல்லும். உங்க கையெழுத்து என் மேசையில இருக்கு. மூக்கு பெரிசா, கையெழுத்து பெரிசா?”

முதல் முறையாக அந்த அம்மா முகம் விழுந்ததைப் பார்த்தேன். “மூக்க வெட்டியா குடுக்க முடியும்” என்று மட்டும் முனகினார்.

இங்கேதான் நான் வருகிறேன். எங்கள் வீட்டில் குழம்புக்குத் தாளிக்கும்போது ஒரு மிளகாய் கருகினால், வாசலில் செருப்பு விடுகிறவன் தும்முவான். அவன் படித்தவனா, படிக்காதவனா, யார் பக்கத்து ஆள் என்று மிளகாய் கேட்காது. தும்மலுக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது. “கேன்டீன்ல வரமொளகா இருக்குதுங்களா?” என்று கேட்டேன்.

வியாழக்கிழமை காலையில், டிரையரில் ஒரு தூள் தேயிலை இல்லாமல் துடைத்து எடுத்தோம். மிளகாயைத் தீக்கு நடுவில் போட்டால் எரிந்து சாம்பலாகிவிடும், நெடி ஏறாது. அதனால் கரண்டியில் வைத்து, புகை குழாய்க்குள் திரும்புகிற ஓரத்தில், கங்கின் மேலாகக் காட்டினேன். டீ மேக்கரையும் ஆபீஸ்காரரையும் டிரையரில் காற்று வருகிற வாய்க்கு எதிரே நிறுத்தினேன். முதலில் தட்டு முழுக்கத் திறப்பு. ஒன்றுமில்லை. ஆபீஸ்காரர் என்னைப் பார்த்து இளித்தார். “முருகையா, நாங்க யாருமே இங்க இல்லீங்க. எப்பவும் வெக்கற மாதிரி வெய்யுங்க” என்றேன். தட்டு பாதிக்கு இறங்கியது. ஒரு கை மிளகாய்.

பத்து எண்ணுவதற்குள் ஆபீஸ்காரர் இருமினார். டீ மேக்கர் தும்மினார், மறுபடி தும்மினார், கண்ணில் தண்ணீர் கொட்ட, “மதி, மதி!” என்று கையை வீசிக்கொண்டு வெளியே ஓடினார். போதும் என்பதை அவர் அவருடைய மொழியில் சொன்னது அன்றைக்குத்தான். சலிப்பறைப் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, சிரிப்பா இருமலா என்று தெரியாமல் குலுங்கினார்கள்.

அடுப்பை அணைத்து, முழுக்க ஆறுவதற்குள் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே இறங்கினேன். மூன்றாம் வரிசையில், ஒரு குழாயின் கழுத்தில், அது பொருந்தியிருக்கும் தகட்டை ஒட்டி, நகக்கண் அளவு விரிசல். சூட்டில் திறந்து, ஆறினால் மூடிக்கொள்கிற விரிசல். பார்த்ததும் காரணம் தெரிந்தது. குழாயைத் தகட்டில் இறுக்கும்போது, உறுதியாக இருக்கட்டும் என்று அளவுக்கு மீறி இறுக்கியிருந்தேன். இரும்பு சூட்டில் நீளும். நீள இடம் கொடுக்கவில்லை. மலையில் அடிக்கடி கரண்ட் போகும். ஃபேன் நிற்கும், குழாய் சிவக்கும், திடீரென்று கரண்ட் வந்து குளிர்ந்த காற்று அடிக்கும். கழுத்து எத்தனை நாள் தாங்கும்? வேறு யார் கையும் அதில் படவில்லை. என் கைதான்.

டீ மேக்கர் மேசையில் இருந்த என் தாளை எடுத்துக் கிழித்தேன். வேறு தாளில், நாலாம் வகுப்பு எழுத்தில், நானே எழுதினேன். ‘கசிவு உள்ளது. அது என் வேலையில் வந்தது. முருகையா மேல் தப்பு இல்லை.’ வெள்ளிக்கிழமை விசாரணை அந்தத் தாளோடு முடிந்தது. முருகையா வேலையில் இருந்தார், வீட்டில் இருந்தார். அவருடைய பெரிய பெண் அதே லயத்திலிருந்துதான் நர்சிங் படிக்கப் போனாள்.

அந்த அம்மா எனக்கு நன்றி சொல்லவில்லை. “தாள நீங்களா கிழிச்சீகளா, அவரு கிழிக்கச் சொன்னாரா?” என்று மட்டும் கேட்டார்.

“நானாத்தானுங்க.”

“யாரு முன்னால?”

“யாருமில்லீங்க. அவரு மூக்கச் சிந்தப் போயிருந்தாரு.”

“அப்ப சரி” என்றார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

அதற்குப் பிறகு நான் செய்த ஹீட்டர்களில் குழாயின் ஒரு முனையை மட்டும்தான் இறுக்குவேன். மறுமுனை ஒரு வளையத்துக்குள் வழுக்கிக்கொள்ளும், சுற்றிலும் தீப்பிடிக்காத கயிறு திணித்திருக்கும். கரண்ட் போனால் முதலில் கங்கை வெளியே இழு, குளிர்ந்த காற்றுக் கதவைத் திற, பிறகு பீடி குடி என்று ஒவ்வொரு ஃபயர்மேனுக்கும் சொல்லிவிட்டுத்தான் வருவேன். சோதனைக்கு ஒரு நேரம் குறிக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் துணி தொங்கவிடலாம் என்பது அந்த அம்மா சொன்னது. இப்போது அந்த மலையில் பல தொழிற்சாலைகளில் இது நடக்கிறது.

அவர் வேலையிலிருந்து நின்று மகள் வீட்டோடு போய் வருஷங்கள் ஆகிவிட்டன. போன மாதம் என் போனுக்கு ஒரு பாடக்குறிப்பு வந்தது. தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் கொடுப்பதாம். பேரன் வாசித்துக் காட்டினான். ஈரத்துணிச் சோதனை, சிம்னித் தட்டு, மிளகாய்ச் சோதனை, எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தது. கீழே ஒரு வரி: ‘இம்முறைகளைக் கண்டறிந்தவர் சலிப்பறைப் பெண் தொழிலாளி ஒருவர்.’ ஹீட்டரைப் பற்றி, ‘உற்பத்தியாளரின் பிழையால் விரிசல் ஏற்பட்டிருந்தது’ என்று இன்னொரு வரி. எந்த உற்பத்தியாளர்? பேர் இல்லை.

அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். “உங்க பேரைப் போடச் சொல்லி எழுதட்டுங்களா?” என்று கேட்டேன்.

“போட்டுத் தொலைச்சிராதீக அண்ணாச்சி. பேரு முந்திப் போயிருச்சுன்னா, ஆளு போய்ச் சேருததுக்குள்ள எல்லாத்தையும் கழுவித் தொடச்சு வச்சிருவாக.”

அதனால்தான் இங்கேயும் அவர் பேரை எழுதவில்லை. அது அவர் இஷ்டம். நான் அப்படி இல்லை. அந்தக் குறிப்பை எழுதியவர்களுக்குச் சொல்கிறேன், அடுத்த முறை அச்சடிக்கும்போது திருத்த வேண்டும். துணி அந்த அம்மாவுடையது. ஆள் போனபிறகு பார்க்க வேண்டும் என்ற புத்தியும் அவருடையது. ஒரு எழுத்துக் குறைக்க வேண்டாம். மிளகாய் என்னுடையது. விரிசலும் என்னுடையது. விரிசலுக்கு மட்டும் பேர் போட்டு மிளகாய்க்கு விட்டுவிட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன், மிளகாய்க்குப் போட்டு விரிசலுக்கு விட்டுவிட்டாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு வரியிலும் என் பேர் வர வேண்டும். பேரைத் தனித் தாளில் எழுதி அனுப்புகிறேன், இனிஷியலோடு போடுங்கள். எங்கள் பக்கம் அந்தப் பேரில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள்.